பின்னல் துணியில் காய்ந்த வடகம்

எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கும் அளவுக்குச் சாப்பாடு இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால், ஆள் இருந்தார். கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, பகல் முழுவதும் இருந்தார். அதுதான் தொந்தரவு. என் கணவர் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் க்யூ.சி. மேனேஜர். தைத்து முடித்த சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, அளந்து பார்த்து, இது கப்பல் ஏறும், இது ஏறாது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை. கடல் தாண்டி எங்கோ வரியை ஏற்றினார்கள். இங்கே லைனில் பாதி மெஷின் உறையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. கம்பெனியில் கூப்பிட்டு உட்கார வைத்து, நல்ல காப்பி கொடுத்து, "கொஞ்ச நாளைக்கு ஊட்ல ரெஸ்ட் எடுங்க சார், ஆர்டர் வந்ததும் நாங்களே கூப்பிடறோமுங்க" என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவரை வெளியே அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த மரியாதையில் கால் வழுக்கியவர்கள் அநேகம்.

இவருக்கு அடி பட்டது பசியில்.

அதற்கு முன் அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் மிளகும் வரமிளகாயும் எண்ணெயில் வதங்கும் வாசம் வந்தாலே போதும், அரிசியும் துவரம்பருப்பும் குக்கருக்குள் போகும் முன்பே தட்டைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அரிசிம்பருப்பை அவர் சாப்பிடுவது ஒரு வயலை அறுப்பதுபோல இருக்கும். ஓரத்திலிருந்து தொடங்கி, வரிசை குலையாமல், நடுவில் நிமிராமல். முடிந்ததும் தட்டில் ஒரு பருக்கை இராது. இப்போது அதே மனிதர் இரண்டு வாய் வாங்கிவிட்டு, மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதை ஒரு சின்னக் கரட்டுக் குன்று மாதிரி குவித்து, "போதும் அம்மிணி" என்று எழுந்துவிடுகிறார். பெல்ட்டில் ஆணி அடித்துப் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். அந்த ஓட்டையைப் பார்த்த அன்று எனக்கு வேறு எல்லா ஆசையும் கழன்றுபோயிற்று. வேலை எப்போது வேண்டுமானாலும் வரட்டும். இவர் ஒரு தட்டுச் சோறு முழுசாக உண்ண வேண்டும். அந்தக் கோடையில் நான் செய்ததெல்லாம் இதற்காகத்தான்.

பள்ளிக்கூடம் லீவு. எனக்குப் பாடம் நடத்தப் பிள்ளைகள் இல்லை, இவர் ஒருவர்தான். சமைத்தேன். கொள்ளுப் பருப்பைக் கடைந்து, அது வெந்த நீரில் ரசம் வைத்தேன். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு. கம்பை இடித்துச் சோறாக்கி மோர் விட்டேன். ஞாயிறானால் நாட்டுக்கோழி அடித்துத் தேங்காய் அரைத்து ஊற்றினேன். அந்த வாசத்துக்கு வீதி நாய்கள் எங்கள் வாசலில் மரியாதையாக வரிசை கட்டின. இவர் வந்து உட்காருவார். பருப்பை விரலால் நசுக்குவார். குழம்பைச் சாய்த்துப் பார்ப்பார். "கத்தரிக்கா சைஸ் ஒரே மாதிரி இல்லை" என்பார். "தாளிப்பு ஒரு பக்கமா ஒதுங்கியிருக்குது." எல்லாவற்றையும் சோதித்துவிட்டு இரண்டு வாய். பிறகு கரடு.

இதற்கு நடுவில்தான் தற்சார்பு வந்து சேர்ந்தது.

அது செல்போன் வழியாக வந்தது. கண்ணாடி ஜாடிகளின் முன்னால் நின்றுகொண்டு ஒருவர், "நாளைக்கே கடையெல்லாம் மூடினால் உங்கள் வீட்டில் என்ன இருக்கும்?" என்று கேட்டார். அவர் முகத்தில் கடை மூடிவிட்ட சந்தோஷம் தெரிந்தது. என் கணவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எங்கள் வீதியே பார்த்தது. வேலை குறைந்த வீதி அது; வீடியோ பார்க்க எல்லோருக்கும் நேரம் இருந்தது. கடைகளை நம்பக்கூடாது என்று முடிவு செய்து, எல்லோரும் ஒன்றாகக் கடைக்குப் போனார்கள். மளிகைக்கடைக்காரர் இன்னொரு வண்டி வாங்கினார். தற்சார்பு என்றால் கடையில் இருப்பதை முழுக்க வாங்கி வீட்டில் பூட்டி வைப்பது என்று எங்கள் வீதி தெளிவாகப் புரிந்துகொண்டது.

மற்றவர்கள் ஒரு மூட்டை அரிசியோடு ஓய்ந்தார்கள். இவர் ஓயவில்லை. இவருக்கு ஆர்டர் கிடைத்துவிட்டது. பையர், அதாவது வாங்குபவர், யார் என்று கேட்டால் தெரியாது; வரப்போகும் ஏதோ ஒரு பஞ்சம். ஆனால் ஆர்டர் ஆர்டர்தான். கணியூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் தம்பியிடம் சொல்லி நெல் அரைத்த அரிசி வந்தது. துவரை வந்தது, கொள்ளு வந்தது, பச்சைப்பயறு வந்தது. துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி, அரிசிக்குள் வசம்பும் வரமிளகாயும் போட்டு, வேப்பிலையைக் காயவைத்துப் பரப்பி வைப்பதெல்லாம் நான் அறிந்த வழி. அதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அது போதாது என்றார்.

கம்பெனியில் மிச்சமான பாலிபேக் கட்டு ஒன்று பரணில் கிடந்தது. குழந்தைகள் சட்டை போட்டு அனுப்பும் பை. கொள்ளு அதில் ஏறியது. பையின் மேல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், தலையில் மாட்டினால் மூச்சுத் திணறும் என்று நாலைந்து நாட்டு மொழிகளில் எச்சரிக்கை. எங்கள் கொள்ளுப் பையைப் பார்த்துப் பயப்படாத நாடே இல்லை. கம்பெனியில் சட்டைக்குள் உடைந்த ஊசி தேடுவதுபோல, அரிசியில் ஊசி இருக்கக்கூடாது என்று காந்தத்தை வைத்து மேலும் கீழும் ஓட்டினார். அரிசியில் ஊசி எப்படி வரும் என்று கேட்டேன், வரக்கூடாது என்பதற்காகத்தான் பார்ப்பது என்றார். பைகள் அட்டைப்பெட்டிக்குள் போயின. பெட்டியின் மேல் ஸ்டிக்கர்: பச்சைப்பயறு 'எஸ்', கொள்ளு 'எம்', துவரை 'எக்ஸ்எல்'. படுக்கை அறையில் பெட்டிகள் உத்திரம் வரை ஏறின. நாங்கள் இருவரும் அடிவாரத்தில் படுத்தோம்.

எதிர் வீட்டில் ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கம்பெனியில் டெய்லர், வாரத்தில் பாதி நாள்தான் இப்போது அவளுக்கும் வேலை. மீதி நாளில் எங்கள் வீட்டைப் பார்ப்பது அவளுக்குப் பொழுது.

"என்னக்கா, அண்ணே இன்னைக்கு எதப் பெட்டி கட்டுதாவ?"

"மஞ்சத்தூளு."

"கப்பல் எப்ப வருதாம்? முன்னாடியே சொல்லுங்க, நானும் ஏறிக்கிடுதேன். எங்க ஊருக்கு அதுதான் லேசான வழி."

அவள் சிரிப்பது நியாயம்தான். இதில் பெரிய கூத்து என்னவென்றால், கட்டிய பெட்டியைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் குழம்புக்குத் துவரம்பருப்பு தீர்ந்துபோய், படுக்கை அறைக்குள் கையை நீட்டினேன்.

"அது எடுக்கக்கூடாது," என்றார்.

"ஏனுங்க?"

"பேக்கிங் முடிஞ்சுது. அது கையிருப்பு."

"குழம்புக்கு வேணுமுங்க."

"கடையில வாங்கிக்க."

வாங்கினேன். வீடு முழுக்கத் துவரையை வைத்துக்கொண்டு, கையில் பையோடு வெயிலில் நடந்து, கால் கிலோ துவரை வாங்கி வந்து, குழம்பு வைத்து, அவர் முன்னால் வைத்தேன். இரண்டு வாய். கரடு. பஞ்சம் வந்தால் பிழைத்துக்கொள்ள எல்லாம் தயார் செய்துகொண்டிருந்த மனிதர், பஞ்சம் வரும் முன்பே பஞ்சத்தில் அடிபட்டவர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தார். கன்னத்து எலும்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

பெட்டி கட்டும் வேலை முடிந்து, பாக்கி இருந்தது வடகம்.

காய்கறி இல்லாத நாளைக்கு வடகமும் வத்தலும் இல்லாமல் ஒரு கையிருப்பா என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. சித்திரை வெயில் மொட்டை மாடியில் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மோர்மிளகாய் போட்டேன். கொத்தவரையும் கத்தரியும் அரிந்து உப்புநீரில் காட்டிக் காயவைத்தேன். அதெல்லாம் ஒழுங்காக வந்தது, அவர் கை வைக்காததால். அரிசி வடகத்துக்கு மட்டும் அவர் இறங்கினார்.

அரிசியை ஊறவைத்து அரைத்து, ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் இருட்டு பிரியும் முன்பே உலையில் உப்பும் பச்சைமிளகாய் விழுதும் சீரகமும் போட்டுக் கொதிக்கவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். கிண்டுகிற கை நிற்கக்கூடாது. மாவு வெள்ளை மாறிக் கண்ணாடியாகும். கரண்டியைத் தூக்கினால் பட்டுப்போல வழியும். அப்போது எலுமிச்சை பிழிந்து இறக்க வேண்டும். அதை மாடிக்குத் தூக்கிப்போய், நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிப் பரப்ப வேண்டும். சாயங்காலம், பொழுதோடு, துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால், வடகம் கோபம் தீர்ந்த பிள்ளைபோலத் தானாகக் கழன்று வரும். இவ்வளவுதான்.

"எதுக்கு வேட்டி?" என்றார்.

"எங்கம்மா ஊட்ல வேட்டியிலதானுங்க ஊத்துவாங்க."

"வேட்டி தறியில நெய்யறது. நமக்குச் சோறு போடறது பின்னல் துணி. வடகம் அதுலதான் காயோணும்."

இந்தப் பேச்சில் ஒரு மேடைப்பேச்சின் அழகு இருந்தது. நான் மயங்கிவிட்டேன். அவர் தன் சினேகிதருக்குப் போன் போட்டார். காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் பாய். கம்பெனிகளில் மிஞ்சிய, கழித்த சரக்கை மொத்தமாக வாங்கி விற்பவர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாலையே பாய் வண்டியின் பின்னால் ஒரு துணி உருளையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, சாயம் போடாத வெள்ளை. சட்டைக் கழுத்துக்குப் போடற ரிப்பு, லைக்ரா கலந்தது. இதுல என்ன தைக்கப் போற?"

"வடகம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பால் காய்ச்சப் போய்விட்டேன்.

துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மடித்து வைத்தார். இரு கையாலும் இழுத்துக் காட்டினார். "பாத்தியா, எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கு வந்துரும். வேட்டி வருமா?" வேட்டியை யாரும் இழுத்து வடகம் ஊற்றுவதில்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

விடிகாலையில் மாடியில் துணி விரிந்தது. நாலு பக்கமும் செங்கல். அளவு டேப்பை வைத்துச் சாக்பீஸால் கோடு கிழித்தார். ஒரு வடகத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இத்தனை இடைவெளி. என் கையில் இருந்த வளையலைக் கழற்றச் சொல்லி, அதை வடகத்தின் மேல் வைத்து அளவு பார்த்தார். "கால் இஞ்சு முன்னபின்ன போலாம். அதுக்கு மேல போகக்கூடாது." நான் கரண்டியோடு குனிந்து ஊற்றுவேன், அவர் வளையலோடு குனிந்து பார்ப்பார், நான் நிமிர்வேன், அவர் நிமிர மாட்டார். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தபோது மாடி முழுக்க வட்ட வட்டமாக, வரிசையாக, ஒன்றுக்கொன்று உரசாமல் வடகம். உண்மையைச் சொன்னால் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கூழ் ஈரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இதுதான் சாம்பிள்," என்றார். "இதே மாதிரி இன்னும் போடலாம்."

பிறகு வெயில் தன் வேலையைச் செய்தது.

பருத்திப் பின்னல் துணி ஈரமாகி வெயிலில் காய்ந்தால் சுருங்கும். இது எங்கள் ஊரில் தெருவில் பம்பரம் விடுகிற பையனுக்கும் தெரியும். இவர் வேலையில் பாதி அதுதான். துவைத்துப் பார்த்து, காயவைத்துப் பார்த்து, சுருக்கம் அதிகம் என்று எத்தனை துணியைத் திருப்பி அனுப்பியிருப்பார். கம்பெனியில் இவர் பெயரைச் சொன்னால் சாயப்பட்டறைக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்களாம். அப்படிப்பட்டவர் கொதிக்கக் கொதிக்கக் கூழை ஊற்றி, சித்திரை வெயிலில் விரித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார். துணி என்றால் சட்டைக்கு மட்டும்தான் சுருங்கும், வடகத்துக்கு மரியாதை கொடுக்கும் என்று நினைத்துவிட்டார் போல.

உச்சிப்பொழுதில் நான் மேலே போனபோது செங்கற்கள் இடம் மாறியிருந்தன. யாரோ இழுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரும் இழுக்கவில்லை. துணி தன் நான்கு மூலையையும் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது, குளிரில் போர்வையை இழுப்பவர் மாதிரி. வட்டங்கள் முட்டையாகியிருந்தன. சில காதுபோலச் சுருண்டிருந்தன. வரிசை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. நான் கீழே வந்து ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

பொழுதோடு அவரும் நானும் மேலே போனோம். வண்டிச் சத்தம் கேட்டது; பாயும் பின்னாலேயே ஏறி வந்தார், வடகத்தை எப்படித் தைத்திருக்கிறோம் என்று பார்க்க. என் கணவர் துணியை வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கித் தண்ணீர் தெளித்து இழுத்தார்.

வேட்டியாக இருந்தால் வடகம் கழன்றிருக்கும். இது நீண்டது. இழுக்க இழுக்க நீண்டது. வடகம் துணியின் கண்ணிக்குள் நகத்தை ஊன்றிக்கொண்டு விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். துணி படக்கென்று தன் பழைய அளவுக்குத் திரும்பியது, அவர் சொன்ன சொல் தவறாமல். வடகங்கள் பறந்தன. ஒன்று தண்ணீர்த் தொட்டியில் மோதியது. ஒன்று பாயின் மூக்குக் கண்ணாடிக்கு அருகே போயிற்று. இரண்டு மூன்று எதிர் வீட்டு மாடிக்கே போய்விட்டன. அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் குனிந்து பொறுக்கினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்குப் பார்சல் வந்துருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். உதிர்ந்து கிடந்ததில் ஒன்றை எடுத்தார். மேற்கே இருந்த வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பினார். என் வளையலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேலே வைத்தார். வடகம் அதற்குள் அடங்கவில்லை, நிரம்பவும் இல்லை.

"அளவு அவுட்," என்றார். "ஷேப் அவுட். பின்னால பூரா ரிப் கோடு விழுந்திருக்குது. பிசிரு வேற." இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்கவில்லை. "லாட்டு முழுக்க ரிஜக்ட்."

சொல்லிவிட்டு வடகத்தைக் கீழே வைத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். இந்த வடகமும் போய்விட்டால் நாளைக்கு இந்த இரண்டு வாயும் இருக்காது.

பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடையில் சரக்குப் பார்க்கிற மாதிரி குவியலை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மாப்ளே, நல்லா யோசிச்சுச் சொல்லு. ரிஜக்டுதானா?"

"ரிஜக்டு."

"பேச்சு மாற மாட்டியே?"

"எந்தப் பையரும் எடுக்க மாட்டான் பாய்."

"அப்ப சரி. பையர் எடுக்காதது நம்முளுது," என்றார் பாய். "தங்கச்சி, எண்ணெய் வெய்ங்க."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஊரில் நல்ல சட்டை யாரும் போடுவதில்லை. நல்லது கப்பல் ஏறிவிடும். ஒரு கை மட்டும் ஒரு விரல் அளவு நீண்டது, பை கோணலாக உட்கார்ந்தது, பூனைப் படம் தலைகீழாக அச்சானது, இதெல்லாம்தான் எங்கள் மேல் ஏறும். என் கணவர் அன்று போட்டிருந்த டி-சர்ட்டில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவரே கழித்தது, அவரே உடுத்தியது. யாருக்கும் இதில் மனக்குறை கிடையாது. குறை இருந்தால்தான் அது வீட்டுக்கு வரும். குறை இல்லாததை எங்களால் சும்மா தொட்டுப் பார்க்கத்தான் முடியும். சட்டைக்கு இருந்த இந்தச் சட்டம் சோற்றுக்கும் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. என் குழம்பில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாரே தவிர, ஒரு நாளும் கழித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. எல்லாம் நல்ல சரக்காகவே நின்றது. நல்ல சரக்கை அவர் எப்படித் தின்பார்?

"பிசிரு இருக்குதே," என்றார் அவர். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"வெட்டுனாப் போச்சு," என்றாள் எதிர் வீட்டுக்காரி. பறந்துபோன வடகங்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு, பிசிர் வெட்டும் சின்னக் கத்தரியோடு அவளும் வந்துவிட்டாள். "நான் தினமும் வெட்டுததுதானே. தள்ளி உக்காருங்கண்ணே."

அவரும் தன்னுடைய கத்தரியை எடுத்து வந்தார். பாய்க்கு ஒன்று கொடுத்தார். மூன்று பேரும் மாடியில் சம்மணம் போட்டு, வடகத்தைப் புரட்டிப் புரட்டிப் பஞ்சுப் பிசிரை வெட்டித் துடைத்துத் தள்ளினார்கள். பிசிர் ரொம்ப ஏறியதைத் தனியாக ஒதுக்கினார்கள். அது ரிஜக்டிலும் ரிஜக்ட், கோழிக்கு. எனக்குத் தெரிந்து உலகத்தில் வடகத்துக்கு டிரிம்மிங் செய்த ஊர் எங்களுடையது ஒன்றுதான். பொரிய இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மெலிதாக ஊற்றியவை நன்றாகவே காய்ந்து முறுகியிருந்தன. அதில் ஒரு கை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன்.

எண்ணெயில் விழுந்ததும் அவை விரிந்தன. ரிப் கோடு ஒவ்வொன்றிலும் எழும்பி, வரி வரியாக, ஏதோ மெனக்கெட்டு வேலைப்பாடு செய்ததுபோல வந்தன. தட்டில் குவித்து எடுத்துப் போனேன். பாய் ஒன்றை வாயில் போட்டார்.

"உப்பு காரம் எல்லாம் ஓக்கே. ஷேப்பு மட்டுந்தான் போச்சு. நான் தினமும் விக்கறதே இதுதான்."

என் கணவர் ஒன்று எடுத்தார். பார்த்தார். கடித்தார். இன்னொன்று எடுத்தபோது பார்க்கவில்லை. தட்டுக்கும் வாய்க்கும் இடையே கை தன் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பார்க்காமல் இருக்க வானத்தைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"சோறு இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க."

"ரசம்?"

"இருக்குதுங்க."

கீழே வந்து உட்கார்ந்து, நொறுக்கின வடகத்தைப் பிசைந்த சோற்றில் தூவி, நிமிராமல் உண்டார். கரடு எழவில்லை. எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, என் காதருகே, "அக்கா, அழுதுராதிய, அண்ணே பாத்துட்டா நிறுத்திப்புடுவாவ" என்றாள்.

மறுநாள் காலை பழைய மனிதர் திரும்பிவிட்டார். தோசை வட்டமாக, பொன்னிறமாக வந்தது. ஒரு விள்ளல் எடுத்துவிட்டுத் தள்ளினார். அடுத்த தோசையைத் திருப்பும்போது என் கை என்னைக் கேட்காமல் கரண்டியை நடுவில் குத்தியது.

"அய்யோ, பிஞ்சு போச்சு. இது எனக்கு இருக்கட்டுமுங்க."

"இங்க குடு," என்றார்.

அன்று தொடங்கிற்று என் பிழை உற்பத்தி. பிழை செய்வது லேசு என்று நினைப்பவர்கள் அதைத் திட்டமிட்டுச் செய்து பார்க்க வேண்டும். தினமும் ஒரே பிழை ஆகாது, பிடித்துவிடுவார். பெரிய பிழையும் ஆகாது. நானும்தானே சாப்பிட வேண்டும். களியில் ஓர் ஓரம் மட்டும் கட்டி தட்ட வேண்டும். சோறு அடியில் லேசாகப் பிடிக்க வேண்டும், வாசம் வரக்கூடாது. எண்ணெயில் சுடும் இனிப்புக் கச்சாயத்தில் ஒன்று கருக வேண்டும், மற்றவை லேசாகச் சிவந்து அதன் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது, அவள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, "அண்ணே, இது எங்க ஊரு ரிஜக்டு, உளுந்து உடையல, தோலு போகல" என்று நீட்டினாள். அது தோலோடு சமைக்கிற சோறுதான். அவர் வழித்துத் தின்றுவிட்டு, "இதை எப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

பெட்டிகளுக்கும் வழி கண்டேன். "துவரை ஒரு பெட்டியில வண்டு விழுந்தாப்பல இருக்குதுங்க" என்று ஒரு நாள் சொன்னேன். வண்டு இல்லை. அவர் பெட்டியைப் பிரித்து, தேடி, பிரித்த பெட்டி இனி கையிருப்பு ஆகாது என்று அவராகவே அடுக்களைக்குத் தூக்கி வந்தார். ஒவ்வொரு பெட்டியாக வண்டு விழுந்தது. படுக்கை அறையில் ஜன்னல் தெரிய ஆரம்பித்தது. வீதியில் மற்ற வீடுகளில் நிஜ வண்டு நிஜ அரிசியில் புகுந்து, எல்லோரும் முறத்தோடு மாடியேறினார்கள். எங்கள் வீட்டு வண்டு மட்டும்தான் சொன்ன சொல் கேட்டது. பாய் வாரம் ஒருமுறை வந்து, "இன்னிக்கு லாட்டுல என்ன இருக்குது தங்கச்சி" என்று கேட்டு, இருப்பதைத் தின்றுவிட்டுப் போனார்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்களா என்று கேட்பார்கள். இல்லை. மழை பிடித்து, பள்ளிக்கூடம் திறந்து, நான் காலையில் அவசரமாக ஓடத் தொடங்கிய பிறகும் கூப்பிடவில்லை. பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பிவிட்டார் என்பதை மட்டும் நான் கவனித்தேன், கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மழை. சந்தவை செய்தேன், எங்கள் பக்கத்து இடியாப்பம். ஊறவைத்த அரிசியை அரைத்து, உருட்டி வேகவைத்து, சூடு ஆறும் முன்பு அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். இரண்டு பேர் தொங்க வேண்டிய வேலை, நான் ஒருத்தியே தொங்கினேன். அந்த அவசரத்தில் பிழை செய்ய மறந்துவிட்டேன். தேங்காய்ப்பாலை ஊற்றி அவர் முன்னால் வைத்த பிறகுதான் நினைவு வந்தது. நல்ல சரக்கு. கை வைக்க நேரம் இல்லை.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன டேமேஜு?"

நான் அவசரமாகத் தேடினேன். "நூலு நூலா வரலைங்க. அறுந்து அறுந்து வந்துருச்சு."

அவர் விரல் நுனியால் ஒரு இழையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே மெதுவாகத் தூக்கினார். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. தட்டை விட்டு முழங்கை உயரம் எழும்பி, அறாமல் தொங்கியது. பால் அதன் வழியாகச் சொட்டியது.

"ஒண்ணுங்கூட அறுந்து போகலை," என்றார்.

நான் கரண்டியோடு நின்றேன். தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லா வந்திருக்குது, அம்மிணி," என்றார். இழையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு, தட்டின் ஓரத்திலிருந்து தொடங்கினார். பாதியில் நிமிர்ந்து, வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அச்சுல இன்னும் மாவு இருக்குதா? வா, நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்," என்றார்.